பாப்பம்மாவின் போல்ட்

சேசு மரி சூசை

வத்தேகம,
14.05.1978

அன்புத் தம்பி பற்றிக்குக்கு,

அண்ணன் அம்புறோஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அண்ணி றீற்றாவும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவள் முணுமுணுப்பு. குன்னூர்க் குளிர் உனக்கும் மேபலுக்கும் ஒத்துக்கொள்கிறதா? உன் இருமல் நின்றதா?

போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பழைய இராணுவத் துவக்குகளைச் சேர்க்கிறவராம். பல்லேகலத் திடலில் துரைமார் சுட்ட காலத்தில் சுடும் கழகத்துத் துவக்குகளுக்கு எண்ணெய் போட்டவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எது நல்ல துவக்கு?" என்று கேட்டார். என் வாயைக் கிளறினால் விடுவேனா? நாற்பத்து மூன்றில் செய்த நீட்டு த்ரீ நாட் த்ரீ, சின்னத் துவாரம் வழியாகக் குறி பார்ப்போமே, அதைச் சொன்னேன். பெரிய துரையின் ஜெர்மன் மவுசரைச் சொன்னேன். கடைசியில் நம் பாப்பம்மாவைச் சொன்னேன். 1917இல் செய்த கட்டை மூக்கு த்ரீ நாட் த்ரீ என்றதும் அவர் கண் விரிந்தது. தோளில் ஒரு இடி கொடுத்துவிட்டுப் பேசும் தோட்ட லயத்துப் பாப்பம்மா பேரை நீதான் அதற்கு வைத்தாய் என்று சொன்னபோது சிரித்தார். எழுபத்தொன்றில் பொலிஸ் எல்லாத் துவக்குகளையும் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை என்றும் சொன்னேன். உன் கண் போன கதையை மட்டும் சொல்லவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. கடைக்கார ஹலீம் நானா ஒக்டோபரில் ஹஜ்ஜுக்கு, மக்கத்துக்குப் போகிறார். போகிறவர்கள் யாருக்காவது குறை செய்திருந்தால், பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். என்னைக் கடைக்குள் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்துச் சொன்னார்: "அம்புறோஸ், பற்றிக்கிட கண்ணு என்ட தோட்டாவாலதான் போச்சி. அவர் வாயால 'பொறுத்தேன்'ண்டு ஒரு சொல்லு வந்தாத்தான் நான் கப்பல் ஏறினாலும் பிளேன் ஏறினாலும் செல்லும்."

பத்து வருடமாகிவிட்டது, தம்பி. ஒரு சொல் எழுது.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்.
அம்புறோஸ்

---

குன்னூர்,
09.06.1978

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

பற்றிக் எழுதுகிறேன். இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மேபல் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். அண்ணியின் காலுக்குத் தைலம் அனுப்ப ஆள் தேடுகிறேன்.

நான் இப்போது லெட்சுமணன் என்பவரின் துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் வேலை. முதல் நாள் அவரிடம், "முதலாளி, இந்தத் துவக்கு யாருடையது?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னத்தைய்யா துவக்கணும்?" என்றார். இங்கே துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தமாம். சிலோன்காரன் தமிழ் என்று கடை முழுக்கச் சிரிப்பு.

ஒற்றைக் கண்ணில் ஒரு வசதி, அண்ணே. குறி பார்க்க மற்றக் கண்ணை மூட வேண்டியதில்லை. இடது கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஹலீம் நானா விஷயத்தைக் கேட்டீர்கள். எத்தனையோ வருடம் கிடங்கில் கிடந்து பச்சை பிடித்த தோட்டாவைத் துடைத்து விற்றவர் அவர். கண்டி ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று அவரைப் பார்த்துச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கண் இருந்திருந்தால் நான் இங்கே வந்து ஊர் பேர் தெரியாமல் துரு சுரண்டிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் நன்றாகப் போய்வரட்டும். சொல் மட்டும் கேட்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
பற்றிக்

---

சேசு மரி சூசை

வத்தேகம,
02.07.1978

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. துவக்குக் கதையை றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன், முழங்காலை மறந்து சிரித்தாள். இங்கே மழை. மேபலுக்கு என் அன்பைச் சொல்.

ஹலீம் நானாவிடம் உன் பதிலை நான் சொல்லவில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கடையை நீ இப்போது பார்க்க வேண்டும். கழகம் அவர்மேல் அறிக்கை எழுதி லைசன்ஸ் போனதிலிருந்து ஆணியும் மண்வெட்டியும்தான். தோட்டா வைத்திருந்த அலுமாரி அப்படியே வெறுமையாக இருக்கிறது. வேறு சாமான் வைக்கச் சொன்னால், "அது அப்படியே இருக்கட்டும்" என்கிறார். கண்ணில் பூ விழுந்துவிட்டது அவருக்கு. நான் உள்ளே போனால் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். கடிதம் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.

அவர் கெட்டவர் இல்லை, தம்பி. விசாரணையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "என்ட சாமான்தான், நான்தான் பொறுப்பு" என்றுதான் சொன்னார். நானும் அங்கே நின்றேன்.

உன் மனம் எனக்குத் தெரியும். அண்ணனுக்காக எழுது.

அன்புடன்,
அம்புறோஸ்

---

குன்னூர்,
30.07.1978

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

நலம். மேபலும் நலம். தைலம் தாயகம் திரும்புகிற ஆட்களிடம் கொடுத்துவிட முடியாது, அவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தானே வருகிறார்கள். தபாலில் அனுப்புகிறேன்.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் த்ரீ நாட் த்ரீயைப் பொதுசனம் வைத்திருக்கக் கூடாது. அதே சாயலில் கொஞ்சம் வேறு அளவில் செய்த ரைபிள்தான் தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. போன வாரம் இரண்டு ரைபிள் துடைக்க வந்தன. நான் இரண்டின் போல்ட்டையும் கழற்றி எண்ணெயில் போட்டு, திரும்பப் போடும்போது மாற்றிப் போட்டுவிட்டேன். முதலாளி ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "ஏய்யா, ஆளைக் கொல்லப் பாக்குறியா? போல்ட்டில நம்பர் எதுக்கு வெட்டியிருக்கான்? தோட்டாவப் பின்னாடி அடைச்சுப் பிடிக்கிறதே போல்ட்தான், ஒண்ணோட போல்ட் இன்னொண்ணுல இறுக்கமா உக்காராது. இடைவெளி விழுந்தா தோட்டா பின்பக்கம் அறுந்து, நெருப்பு மூஞ்சியில வரும்" என்றார்.

நான் இரண்டு போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பரைப் பார்த்தேன்.

அண்ணே, எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வெடித்த பிறகு வெற்றுத் தோட்டாவை நீங்கள்தான் பொறுக்கினீர்கள். அது எந்த இடத்தில் உடைந்திருந்தது? வாயிலா, அடிப்பக்கத்திலா?

இரண்டாவது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பாப்பம்மாவை வாங்கிப் போக ஒரு துரை வந்தார். துவக்கு, போல்ட், எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருந்தால்தான் வாங்குவேன் என்கிற ஆள். போல்ட் நம்பர் வேறு என்று வேண்டாமென்றுவிட்டார். நீங்களும் நானும் சந்தோஷப்பட்டோம், பாப்பம்மா போகவில்லை என்று. ஆனால் பாப்பம்மாவின் போல்ட் 4417 தானே? நான் நூறு தடவை தடவிப் பார்த்த நம்பர். அது எப்படி மாறியது?

பதில் எழுதுங்கள்.
பற்றிக்

---

சேசு மரி சூசை

வத்தேகம,
20.08.1978

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. றீற்றா உனக்கு நூறு ஆசீர் சொல்கிறாள். மடுமாதா திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டாள், நான்தான் பயணம் தாங்காது என்று மறித்தேன். போன வருடம் கலவரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடியவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். லயத்தில் சத்தம் கேட்கிறது, அது ஒரு தைரியம். ஹலீம் நானாவுக்கு இப்போது நோன்பு. தினமும் அவர் வீட்டுக் கஞ்சி நமக்கு வருகிறது.

நீ கேட்டது பழைய விஷயம். அன்று இருந்த பதற்றத்தில் நான் உன்னைத் தூக்கினேனா, தோட்டாவைப் பார்த்தேனா? அது புல்லுக்குள் எங்கே போனதோ. நம்பர் விஷயமும் சரியாக நினைவில்லை. கழகத்தில் எட்டுத் துவக்கு, எட்டு போல்ட். யார் யாரோ கை வைப்பார்கள். விசாரணையில் எல்லாம் எழுதித்தான் முடித்தார்கள்.

நானா ஒக்டோபர் எட்டாம் திகதி வீட்டிலிருந்து புறப்படுகிறார். அதற்குள் உன் சொல் வர வேண்டும். ஒரு வரி போதும்.

அன்புடன்,
அம்புறோஸ்

---

குன்னூர்,
10.09.1978

அண்ணனுக்கு,

நலம்.

நீங்கள் துவக்கின் நம்பரை மறக்கிற ஆள் இல்லை. அம்மா செத்த திகதியை மறந்தீர்கள், எட்டுத் துவக்கின் நம்பரையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள்.

போல்ட் ஏன் மாறியது என்று நான் கேட்டேன், நீங்கள் கஞ்சி வந்த கதை எழுதுகிறீர்கள். துவக்கு அறையில் கை வைக்க உங்களை விட்டால் யாருக்கும் உரிமை இல்லை. போல்ட்டை மாற்றியது நீங்களா? இதற்குப் பதில் வராமல் நான் யாரையும் பொறுக்கப் போவதில்லை. ஹலீம் நானாவுக்கும் இதுதான் என் பதில்.

பற்றிக்

---

சேசு மரி சூசை

வத்தேகம,
09.10.1978

அன்புத் தம்பிக்கு,

நீயும் மேபலும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாரும் நோயில் இல்லை.

நேற்று ஹலீம் நானா புறப்பட்டார். மருமகன் ஹாஷிமும் கூடப் போகிறார். தெரு முழுக்க ஆட்கள். சிங்கள முதலாளிமார், தோட்டத்து ஆட்கள், எல்லாரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு, "குறை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்டார். என்னிடம் வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "கடிதம் வந்திச்சா?"

என்னைக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து விரித்தேன். அதில் இல்லாததை வாசித்தேன். "ஹலீம் நானாவுக்குப் பற்றிக் எழுதுவது. நடந்ததை நான் முழு மனதோடு பொறுத்துவிட்டேன். நீங்கள் கவலையில்லாமல் போய்வாருங்கள்." இவ்வளவுதான் வாசித்தேன். அந்த மனுசன் என் தோளில் முகத்தை வைத்து அழுதார், தம்பி. நான் அப்படி ஒரு அழுகையைப் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "இத நான் கூடவே கொண்டு போறேன்" என்று கடிதத்தைக் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பு வாருக்குள் வைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது, கண் அப்படி. அதனால் பயமில்லை.

ஒரு வயதானவர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் செய்தேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

அன்புடன்,
அம்புறோஸ்

---

குன்னூர்,
28.10.1978

அண்ணனுக்கு,

மேபல் நலம். எனக்கு ஒரு வாரமாக வேலையில் கை ஓடவில்லை.

உங்கள் கடிதத்தைப் பார்த்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு முதலாளியிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டார்: "கெட்டுப்போன தோட்டான்னா அந்த மாசம் சுட்ட மத்தவங்களுக்கும் ஏதாவது ஆகியிருக்கணுமே, ஆச்சா?" ஆகவில்லை. அதே பெட்டித் தோட்டாவை அன்று காலையில் ஆறு துரைமார் சுட்டார்கள். பாப்பம்மா மட்டும்தான் வெடித்தது.

ஹலீம் நானா மேல் ஒரு தூசு தப்பும் இல்லை, அண்ணே. நான் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து, "உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்கும்" என்று சொன்னேன். அந்தச் சாபத்தைத் தூக்கிக்கொண்டு பத்து வருடம் நடந்திருக்கிறார். பொறுக்க வேண்டியது நான் இல்லை. அவர் என்னைப் பொறுக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்ததும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தடவை இதில் இருப்பதை வாசியுங்கள். அப்படியே நான் கேட்ட கேள்விக்கும் பதிலை அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.

பற்றிக்

---

சேசு மரி சூசை

வத்தேகம,
26.11.1978

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

ஹலீம் நானா மௌத்தாகிவிட்டார். ஹஜ் முடிந்து மூன்றாம் நாள் மக்கத்திலேயே காய்ச்சல் கண்டு போய்விட்டாராம். அங்கேயே அடக்கினார்களாம். ஹாஷிம் இன்னும் வரவில்லை, தந்திதான் வந்தது. உன் கடிதம் வந்து என் மேசையில் இருக்கிறது. வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

இனி உனக்காவது சொல்ல வேண்டும். போல்ட்டை மாற்றியது நான்தான்.

பாப்பம்மாவை அந்தத் துரை கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார் என்று கழகச் செக்ரட்டரி சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை எடுத்து நீ சுடும்போது திடலே வாயடைத்து நிற்கும். நான் பத்து வருடம் எண்ணெய் போட்டது கண்ணாடிப் பெட்டிக்காக இல்லை. நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அவர் வாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் 4417ஐக் கழற்றிவிட்டு, உடைந்த துவக்கொன்றின் போல்ட்டைப் போட்டேன். நினைத்தபடி அவர் வேண்டாமென்றார். சனிக்கிழமை திரும்ப மாற்றிவிடலாம் என்று இருந்தேன். செக்ரட்டரி துவக்கு அறையைப் பூட்டிச் சாவியைக் கண்டிக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும் துரைமார் உன்னைச் சுடச் சொன்னார்கள். நீ சிரித்துக்கொண்டே, "அண்ணே, பாப்பம்மாவத் தாங்க" என்று கையை நீட்டினாய். 4417 அப்போது என் கால்சட்டைப் பையில் இருந்தது. செக்ரட்டரி பக்கத்தில் நின்றார். போல்ட்டை வெளியே எடுத்தால் நான் ஏமாற்றியது தெரிந்துவிடும், வேலை போகும், வீடு போகும். ஒன்றிரண்டு வெடிதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். போல்ட் மாறினால் என்ன ஆகும் என்று கழகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துதான் உன் கையில் கொடுத்தேன்.

வெற்றுத் தோட்டா அடிப்பக்கத்தில் அறுந்திருந்தது. அதை ஆற்றில் போட்டேன். விசாரணையில் ஹலீம் நானா "என்ட சாமான்தான்" என்றபோது எனக்கு மூச்சு வந்தது. இதுதான் நடந்தது.

அம்புறோஸ்

---

குன்னூர்,
20.12.1978

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. மேபலிடம் கொடுத்தேன். அவள் வாசித்து, மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

நானாவின் மனைவி ருக்கியா அக்காவிடம் போய் எனக்கு எழுதியதைச் சொல்லுங்கள். என் அக்டோபர்க் கடிதத்தையும் வாசியுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

நத்தார் வாழ்த்து.
பற்றிக்

---

சேசு மரி சூசை

வத்தேகம,
21.01.1979

அன்புத் தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். போய்ச் சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. கேட்கிறேன்.

நத்தார் முடிந்து மூன்று தடவை அவர்கள் வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காம் தடவை றீற்றாவும் நொண்டிக்கொண்டே கூட வந்தாள். அவளுக்கும் முந்திய நாள்தான் சொன்னேன். ருக்கியா அக்கா கணவன் மௌத்தானதற்கு இத்தா இருப்பதால், பிற ஆண்கள் முன் வராமல் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஹாஷிம் இருந்தார். 4417ஐத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஹாஷிம் எழுந்து உள்ளே போனார். வந்தபோது அவர் கையில் ஒரு மடித்த கடிதம் இருந்தது. நானா இடுப்பில் வைத்துக்கொண்டு போன உன் செப்டெம்பர்க் கடிதம்.

"மாமா மக்கத்துல என்னை இத வாசிக்கச் சொன்னாரு" என்றார் ஹாஷிம். "பற்றிக் சொன்ன நல்ல வார்த்தைய இன்னொரு தரம் கேக்கணுமாம். நான் எழுதியிருக்கிறத அப்படியே வாசிச்சிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதே."

'போல்ட்டை மாற்றியது நீங்களா? நான் யாரையும் பொறுக்கப் போவதில்லை.' இதைத்தான் நானா அங்கே கேட்டிருக்கிறார். நான் வாசித்தது பொய் என்பதையும், தன் தோட்டாவில் குற்றமில்லை என்பதையும் அந்த ஒரே கடிதத்தில் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"மாமா என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

ஹாஷிம் திரைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ருக்கியா அக்காதான் பதில் சொன்னார்: "ரெண்டு நாளா தொழுகப் பாய விட்டு எழும்பல்லயாம். பொறகு, 'அம்புறோஸ் வந்து அவர் வாயால சொல்லட்டும். சொன்ன ஒடனே பொறுத்துருவேன். ஊருக்குப் போனதும் மொத வேலை அவருக்கு ஒரு கதிரை போடுறது'ண்டு சொன்னாராம். அதுக்கு அடுத்த நாள்தான் காய்ச்சல் வந்திச்சி."

நான் போல்ட்டை எடுத்துக்கொள்ளாமல் எழுந்தேன். ஹாஷிம் கூப்பிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இத நாங்க வெச்சி என்ன செய்ய?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

கடை வழியாகத்தான் வெளியே வந்தோம். தோட்டா வைக்கும் அலுமாரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதற்கு முன்னால் நான் எப்போதும் உட்காரும் கதிரை இருந்தது. றீற்றா தனக்குக் கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்றாள். நான் உட்காரவில்லை.

பத்து வருடம் அந்தக் கதிரையில் உட்கார்ந்து அவர் வீட்டுத் தேத்தண்ணி குடித்தேன், தம்பி. ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும். அவர் பொறுக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்.

உன்னிடம் நான் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. மேபலுக்கு அன்பு. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
அம்புறோஸ்